கான்கிரீட் படிக்கு மரப் பலகையா?

திருவண்ணாமலையில் புது வீடு கட்டுவோர் கவனிக்க:

● கியூரிங் முடிந்தபின் சில வாரங்கள் படியைக் காயவிடுங்கள். ஈரம் போய்விட்டதா என்று பார்க்க, படிமேல் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் வையுங்கள். அடியில் நீர் கோத்தால் பொறுத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை பதிக்கும் வேலை வேண்டாம்.

● படிப் பலகை, தரை டைல்ஸ் இரண்டின் கனத்தையும் சென்ட்ரிங் அடிக்கும் முன்பே கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் முதல் படியும் கடைசிப் படியும் உயரம் மாறி, கால் தடுக்கும். வீட்டுப் படியின் உயரம் 190 மி.மீ.க்கு மிகாமல், மிதி அகலம் 250 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு.

● நன்கு காய்ந்த தேக்கு அல்லது வேங்கை வாங்குங்கள். அடிப்பக்கத்துக்கும் பூச்சு கொடுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும். அதனால் சுவரோரம் சிறு இடைவெளி விடுங்கள்.

● கரையான் மருந்து அடிக்காமல் பலகை பதிக்காதீர்கள்.

● பளபளப்பு வழுக்கும்; மேட் பூச்சே நல்லது.