வனாந்தரத்தை நாடிய உள்ளங்கள்

ஆன்மிக வாழ்வில் தனிமை நாட்டம் எழுவது இயல்பு. ஆனால் அது எதிலிருந்து எழுகிறது என்பதைச் சாதகன் ஆராய வேண்டும். மனிதர்கள்மீது கொண்ட சலிப்பும் இறைவன்மீது கொண்ட தாகமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். யூதர்களின் எபிரேய மறைநூல் இதற்குச் சிறந்த பாடம்.

எபிரேய மொழியில் வனாந்தரத்தைக் குறிக்கும் சொல் ‘மித்பார்’. உழவும் விதைப்பும் இன்றி, மந்தைகள் மட்டும் மேயும் வறண்ட நிலம் அது. தாவீதின் பெயரால் வழங்கும் 55-ஆம் சங்கீதத்தில், பாடுபவர் புறாவின் சிறகுகளை விரும்பி அந்த நிலத்தில் அடைக்கலம் தேடுகிறார். காரணம், நகரெங்கும் வன்முறை. அதனினும் கொடியதாக, இறைவனின் இல்லத்திற்கு உடன் நடந்த நண்பனே செய்த வஞ்சனை. சிறகுகள் கிடைக்கவில்லை. மாலை, காலை, நண்பகல் என மூவேளையும் பிரார்த்திக்கும் உறுதியே கிடைக்கிறது.

எரேமியாவின் நிலை இன்னும் ஆழமானது. அவரது நூலின் 9-ஆம் அதிகாரத் தொடக்கத்தில், மடிந்த தம் மக்களுக்காக இரவும் பகலும் அழக் கண்ணீர் ஊற்று வேண்டுகிறார். உடனே, அதே மக்களைவிட்டு அகல, பாலையில் வழிப்போக்கர் தங்கும் விடுதி ஒன்றை விரும்புகிறார். அன்பே அவரைக் களைப்படையச் செய்தது. எனினும் அவர் விலகவில்லை. கி.மு. 586 அளவில் பாபிலோனியரிடம் எருசலேம் வீழ்ந்தபின், விரும்பிய இடத்திற்குச் செல்லும் உரிமை அவருக்குத் தரப்பட்டது. நாட்டில் எஞ்சியிருந்த ஏழை மக்களுடன் வாழ்வதையே அவர் தேர்ந்தெடுத்தார்.

எலியா உண்மையாகவே வனாந்தரம் சென்றவர். அரசி யேசபேலின் கொலை மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, ஒரு செடியின் கீழ் அமர்ந்து மரணத்தை வேண்டினார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறக்கமும் அப்பமும் நீரும் அருளினார். நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தபின், அங்கு வந்த காரணம் இருமுறை வினவப்பட்டது. பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் இல்லாத இறைவன், மெல்லிய ஓசைக்குப்பின் பேசினார். வந்த வழியே திரும்பிச் செல்லுமாறு ஆணை பிறந்தது. தாம் ஒருவரே எஞ்சியதாக எண்ணியிருந்த அவருக்கு, இன்னும் ஏழாயிரம் பேர் உண்மையில் நிலைத்திருப்பர் என்பதும் உணர்த்தப்பட்டது.

எனவே, தனிமையை விரும்புவது குற்றமன்று. களைத்தவனுக்கு ஓய்வும், கேட்க விரும்புபவனுக்கு அமைதியும் அங்கே கிடைக்கின்றன. எனினும் ‘ஏன் இங்கு வந்தேன்?’ என்ற கேள்விக்குச் சாதகன் நேர்மையாகப் பதில் தேட வேண்டும். தனிமையில் கேட்ட குரல் மீண்டும் மக்களிடம் அனுப்பினால், தயங்காமல் எழுந்து நடக்க வேண்டும்.