நாயும் பூனையும்

வீட்டில் வளர்ப்பதற்கு ஏற்றது நாயா, பூனையா என்னும் வினா பள்ளிச் சொற்போர் மன்றங்களில் அடிக்கடி எழுவதாகும். நாய் நன்றியுடையது, காவல் புரிவது என்பர் ஒரு சாரார். பூனை தூய்மையுடையது, ஆரவாரம் இல்லாதது என்பர் மற்றொரு சாரார். கைதட்டல் எப்பக்கம் மிகுதியோ அப்பக்கமே வெற்றி பெறும். ஆயினும் இரு சாராரும் மனிதனுக்கு எதனால் பயன் மிகுதி என்று ஆராய்கின்றனரேயன்றி, அவ்வுயிருக்கு நம் வீடு ஏற்றதுதானா என்று ஆராய்வதில்லை. சென்னையில், அதிலும் மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு போன்ற நெருக்கமான பகுதிகளில், இந்த இரண்டாம் வினாவே முதலில் கேட்கத்தக்கது.

இவ்விரு விலங்குகளின் இயல்பு வேறுபட்டிருப்பதற்குக் காரணம் அவற்றின் பழைய வரலாறாகும். நாய் ஓநாயின் வழிவந்தது. ஓநாய் கூட்டமாக வாழ்ந்து கூட்டமாக வேட்டையாடுவது. உழவுத்தொழில் தோன்றுமுன்பே, குறைந்தது 14,000 ஆண்டுகளுக்கு முன்னரே, நாய் மனிதனோடு சேர்ந்துவிட்டது. தன்னை வளர்க்கும் குடும்பத்தையே அது தன் கூட்டமாகக் கொள்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. எருமைகளைக் காக்கும் பொருட்டு உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பெற்ற கல் அது. அவனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பெற்றுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டுக் கூறுகிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழிந்தும் அந்நாயின் பெயரை நாம் அறிகின்றோம். அக்காலத்து மக்களுள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

பூனையின் கதை வேறு. அதன் முன்னோராகிய காட்டுப்பூனை தனித்து வேட்டையாடுவது. மனிதன் பயிர்செய்து தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. சைப்பிரசுத் தீவில், 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், மனிதனுக்கு அருகே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்த செய்தியை 2004 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அழைத்தவுடன் ஓடி வாராமை பற்றிப் பூனையை நன்றியற்றது எனல் முறையன்று. கூடி வேட்டையாடும் வழக்கம் அதன் குலத்திலேயே இல்லை. குறுக்கே சென்றால் தீய சகுனம் என்று அதனை வைவாரும் உளர். பூனை தன் எலியை நோக்கிச் செல்கிறதே தவிர, நம் பயணத்தைப் பற்றி அதற்கு யாதொரு கருத்தும் இல்லை.

உணவிலும் இவ்வேறுபாடு உண்டு. மயிலாப்பூரில் புலால் புகாத இல்லங்கள் பல. அத்தகைய இல்லத்திலும் நாயை வளர்க்க இயலும். மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்தமையால் சோற்றிலுள்ள மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் அதற்கு அமைந்துள்ளது. வேண்டிய பிற சத்துக்களைக் கால்நடை மருத்துவர் கூறும் அளவில் சேர்த்துக் கொடுத்தால் அது நலமாக வாழும். பூனையோ முற்றிலும் ஊனுண்ணி. டாரின் என்னும் சத்து மீனிலும் இறைச்சியிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. அதனைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளும் திறன் பூனையின் உடலுக்கு இல்லை. அச்சத்துக் குறைந்தால் கண்ணொளி மங்கும், இதயம் தளரும். பால் வார்த்தாற் போதும் என்று எண்ணுதலும் தவறு. வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செரிப்பதில்லை. ஆகவே தயிர்ச்சோறு மட்டுமே இட விரும்புவோர் பூனையை வளர்க்க நினைத்தல் ஆகாது. அது பக்கத்து வீட்டு மீன்குழம்பை நாடிச் சென்றால், குற்றம் பூனையுடையதன்று.

இனி இடத்தைப் பார்ப்போம். தியாகராயநகரில் தோட்டத்தோடு கூடிய தனிவீடுகள் பல இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. பெற்றோர் அலுவலகத்திற்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், பூட்டிய கதவுக்குப் பின்னால் நாள் முழுதும் தனித்திருக்கும் நாய் குரைக்கும், கதவைப் பிறாண்டும், அயலார் சினங்கொள்வர். சைபீரிய ஹஸ்கி, செயிண்ட் பெர்னார்ட் முதலிய குளிர்நாட்டு நாய்களைச் சென்னையின் சித்திரை வெயிலில் வளர்ப்பது, அழகுக்காகச் செய்யும் கொடுமையே என்பது எம் கருத்து. இராசபாளையம் நாய் 2005 ஆம் ஆண்டில் அஞ்சல்தலையில் இடம்பெற்ற பெருமையுடையது. ஆயினும் வேட்டைக்கென உருவான அதற்கு ஓடித் திரிய வெளி வேண்டும். நம் தெருவிலே பிறந்த நாட்டுக்குட்டிக்கோ இவ்வூர் வெப்பம் பிறப்பிலேயே பழகியது. அதனையும் காலையும் மாலையும் நடத்திச் செல்ல ஓர் ஆள் வேண்டும். அதற்கு மாநகராட்சியிடம் உரிமமும் பெறவேண்டும். பூனைக்கு நடை வேண்டா. மணல் நிரப்பிய தட்டும் ஏறி அமரப் பலகையும் போதும். ஆனால் மாடிச் சாளரங்களுக்கு வலையடித்தல் இன்றியமையாதது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பூனைக்கு ஊறு நேராது என்பது வெறுங்கதை.

உயிருக்கே தீங்கு செய்யும் ஒன்றையும் இங்குக் கூறவேண்டும். வெறிநோய் மனிதர்க்குப் பெரும்பாலும் நாய்க்கடியால் வருகிறது, பூனைக்கடியாலும் வரக்கூடும். நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆதலின் கடியோ கீறலோ பட்டவுடன், அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டார் திட்டுவார்களே என்று மறைத்தல் கூடாது.

இந்நோய்க்கு அஞ்சிச் சென்னை மாநகராட்சி நெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கொன்றும் அவை குறையவில்லை; ஒன்று அகன்ற இடத்திற்கு மற்றொன்று வந்தது. விமானியான கேப்டன் சுந்தரமும் அவர் குடும்பத்தாரும் 1959 ஆம் ஆண்டில் தொடங்கிய புளூ கிராஸ் சங்கம் வேறொரு வழியை 1964 முதல் வற்புறுத்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே நாயை மீண்டும் விடுவதே அவ்வழி. மாநகராட்சி அதனை ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தென்சென்னையில் தொடங்கிய அம்முறை 1996 இல் நகர் முழுதும் பரவியது. 2001 இல் நாடு முழுமைக்கும் விதியாயிற்று.

அடையாற்றில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதையைத் தடுக்க மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அதன் பயனாக 1960 ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுதல் குற்றமாகும்.

பகலில் ஆளில்லாத மாடிவீட்டிற்குப் பூனையும், முதியோர் உடனிருக்க நடந்து செல்வார் ஒருவருமுள்ள வீட்டிற்கு நாட்டுநாயும் பொருந்தும். இரண்டும் நன்கு பேணப்பட்டால் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். எட்டாம் வகுப்பில் படிக்கும் மாணவன் இன்று கொணரும் குட்டி, அவன் கல்லூரிப் படிப்பு முடித்து வேற்றூருக்கு வேலை தேடிச் செல்லும்போதும் அவ்வீட்டில்தான் இருக்கும். அப்போது அதற்குச் சோறிடும் பொறுப்பு பெரும்பாலும் தாயிடமே சென்று சேர்கிறது. கொணருமுன் அவ்வம்மையாரைக் கேட்போர் மிகச் சிலரே.