இரண்டு பேட்டரி வண்டிக்கு எந்த மீட்டர்?

பெரும்பாலான லாரி, பஸ், டிப்பர்களில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். டேஷ்போர்டு மீட்டர் காட்டுவது இரண்டின் கூட்டுத்தொகை. சிக்கலே அங்கேதான். 24.6 வோல்ட் காட்டினால் இரண்டும் 12.3 ஆக இருக்கலாம், ஒன்று 12.7, மற்றது 11.9 ஆகவும் இருக்கலாம். முதல் ஜோடியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது. இரண்டாவது ஜோடியில் ஒன்று நிறைந்திருக்கிறது, மற்றது ஏறக்குறையக் காலி. வழியில் செல்ஃப் எடுக்காமல் நிற்கப்போவது அந்த வண்டிதான். எனவே எந்தக் கருவியை வாங்கினாலும், அது ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

மல்டிமீட்டர்

500 ரூபாய்க்குள் கிடைக்கும். ஒயரிங் வேலை கிடையாது. இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் ஒவ்வொரு பேட்டரியிலும் வைத்துப் பாருங்கள். 12.6க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றும் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். முழு சார்ஜில் இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழும் பேட்டரியை நம்ப முடியாது. இதன் ஒரே குறை, நாம் நினைவாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே.

ஹைட்ரோமீட்டர்

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பேட்டரி என்றால் இதுவும் கையில் இருக்கட்டும். முழு சார்ஜில் ஆசிட் அடர்த்தி 1.265 அளவில் இருக்கும். ஆறு செல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த செல் கெட்டுவருகிறது. எந்த செல் என்பதை வோல்ட் மீட்டரால் சொல்ல முடியாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் ஆசிட் அருகே போக வேண்டாம்.

டிஜிட்டல் பேனல் மீட்டர்

ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்க்க விரும்பினால் இதுதான் மலிவான வழி. பேட்டரிக்கு ஒன்று வீதம் இரு ஒயர் மீட்டர் இரண்டைப் பொருத்துங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் பேட்டரி டெர்மினல் அருகிலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். மீட்டர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கக் கூடாது. 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் மீட்டர், நிற்கும் வண்டியில் 30 நாளில் 14.4 ஆம்பியர் ஹவர் தின்றுவிடும். அழுத்தினால் மட்டும் எரியும் புஷ் ஸ்விட்ச் வைத்துவிடுங்கள்.

புளூடூத் மானிட்டர்

பேட்டரிக்கு ஒன்று வேண்டும். இரண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நாம் பார்க்காத நேரத்தின் வோல்டேஜையும் பதிந்துவைப்பது இதன் பலம். இரவில் எத்தனை மணிக்குச் சார்ஜ் இறங்கத் தொடங்கியது என்று போனில் தெரியும். ஆனால் வண்டிக்கு அருகில் இருந்தால்தான் போன் அதைப் படிக்கும்.

ஷன்ட் மானிட்டர்

உள்ளே போகும், வெளியே வரும் கரண்டை எண்ணி, மிச்சம் எவ்வளவு என்று சொல்லும். ஃப்ரிட்ஜ், விளக்கு, இன்வெர்ட்டருக்கென்று தனி பேட்டரி வைத்த உணவு வேன், கேரவன், ஆம்புலன்ஸுக்கு இது பொருத்தம். விக்ட்ரான் பிஎம்வி-712 போன்ற மாடல்களில் இரண்டாவது பேட்டரியின் வோல்டேஜையும் பார்க்கலாம். விலை அதிகம். செல்ஃபுக்கு மட்டுமே பேட்டரி உள்ள லாரிக்கு இந்தச் செலவு தேவையில்லை.

எதை வாங்குவது?

ஒரே வண்டி, தினமும் ஓட்டம் என்றால் மல்டிமீட்டர் போதும். ஓட்டுநர் மாறிக்கொண்டே இருக்கும் வண்டிக்குப் பேனல் மீட்டர். நாள் கணக்கில் நிற்கும் வண்டிக்கு புளூடூத். நின்ற இடத்தில் கரண்ட் செலவாகும் வண்டிக்கு ஷன்ட்.

இரண்டு பேட்டரிக்கும் இடையே 0.2 வோல்டுக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து தெரிந்தால், பாட்டு செட்டுக்கோ போன் சார்ஜருக்கோ ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அப்படி எடுத்தால் அந்த பேட்டரி பட்டினி கிடக்கும், அடுத்தது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். இரண்டும் சீக்கிரம் போய்விடும். 24 வோல்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டுங்கள். அதன் விலை ஒரு புதிய பேட்டரியின் விலையில் சிறு பங்குதான்.