ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி: வீடு வாங்குவோர் அறியவேண்டிய சட்டநெறி

முன்னுரை

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் முன்னோர் மொழி. கடலில் உழைத்துச் சேர்த்த பொருளையும், வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் பல்லாண்டுகள் தங்கி ஈட்டிய பொருளையும் கொண்டு சொந்தமாக ஒரு வீடு வாங்குவதையே காரைக்கால் வட்டாரக் குடும்பங்கள் பலவும் வாழ்நாட் பயனாகக் கருதுகின்றன. பொன் வாங்கும்போது உரைத்துப் பார்த்தே வாங்குகிறோம். பொன்னினும் பன்மடங்கு விலையுள்ள வீட்டை வாங்கும்போதோ, பத்திரம் பதிவாகிவிட்டால் போதும் என்று மனநிறைவு கொள்கிறோம். பதிவு வேறு, உரிமை வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்துவதும், வழக்குரைஞரின் துணையோடு வீடு வாங்கும் முறையை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த கடலோரச் சிற்றூராகிய பட்டினச்சேரி இவ்வாய்வுக்கு நிலைக்களனாக அமைகின்றது.

தமிழர் கண்ட மூவகைச் சான்று

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், தடுத்தாட்கொண்ட புராணம் என்னும் பகுதியில் ஒரு வழக்கு இடம்பெறுகிறது. சுந்தரரைத் தம் அடிமை என்று கூறி முதியவர் ஒருவர் ஓலை ஒன்றைக் காட்ட, சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அவையத்தார் முதியவரிடம் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு வேண்டுகின்றனர். கிழிக்கப்பட்டது படியோலையே என்று கூறிய முதியவர் மூலவோலையை அவைமுன் வைக்கிறார். சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு அது ஒப்பிடப்பட்ட பின்னரே தீர்ப்பு வழங்கப்படுகிறது.

படி வேறு, மூலம் வேறு என்னும் தெளிவும், கையெழுத்தை ஒப்புநோக்கும் முறையும் அக்காலத்திலேயே இருந்தமையை இதனால் அறிகிறோம். சோழர் கல்வெட்டுகளில் நிலவிற்பனையைக் குறிக்கும் விலையாவணங்கள் பல உள்ளன. நாற்புறத்து எல்லைகளையும் வரையறுத்துக் கூறும் அவ்வாவண மரபு இன்றைய கிரயப் பத்திரத்திலும் தொடர்கிறது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகும். தவணையிட்ட கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதும், எழுதுபவர் நேர்மையோடு எழுதுவதும், சாட்சிகளை அமைத்துக்கொள்வதும் அவ்வசனத்தில் வலியுறுத்தப்படுகின்றன. எனவே, பத்திரத்தை ஆராய்வது விற்பவர் மீது ஐயம் கொள்வதாகாது. இரு திறத்தாரையும் காக்கும் அறநெறியே ஆகும்.

நொத்தேர் முறையும் பதிவு முறையும்

காரைக்கால் 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. ஆட்சிப் பொறுப்பு 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது. சட்டமுறையான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவுற்றது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சொத்து ஆவணங்களை எழுதியவர் நொத்தேர் என்னும் அலுவலர். அவர் ஒரு திறத்தாரின் வழக்குரைஞர் அல்லர்; அரசின் அதிகாரம் பெற்று இரு திறத்தார்க்கும் பொதுவாக நின்று ஆவணம் இயற்றுபவர். மூல ஆவணம் அவரிடமே இருக்கும். உரியவர்க்குப் படியே வழங்கப்படும். ஆதலால், பழைய காரைக்கால் வீடுகளின் தாய்ப்பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருத்தல் கூடும். அதனை முறையாக மொழிபெயர்த்து வாசித்த பின்னரே மேற்செல்லல் வேண்டும்.

1968ஆம் ஆண்டின் 26ஆம் மத்தியச் சட்டத்தின் வாயிலாக, 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு விரிவாக்கப்பட்டன. இம்மாற்றத்தின் உட்பொருளை நாம் இன்னும் முழுமையாக உணர்ந்தோமில்லை. நொத்தேர் இருந்த இடத்தில் சார்பதிவாளர் வந்துவிட்டார் என்று பலரும் எண்ணுகின்றனர். சார்பதிவாளர் ஆவணத்தைப் பதிவு செய்பவரேயன்றி, விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டு என்று பிணை நிற்பவர் அல்லர். தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைச் செல்லாதென 2025 ஏப்ரலில் அறிவித்த உச்சநீதிமன்றம், விற்பவரின் உரிமையைத் தீர்மானிப்பது பதிவு அலுவலரின் பணியன்று என்பதைத் தெளிவுபடுத்தியது.

இங்கிலாந்தில் வீடு வாங்குவோர் சொலிசிட்டர் எனப்படும் சட்டவல்லுநரை அமர்த்துவர். அங்கு, பதிவு பெற்ற நில உரிமைக்கு அரசின் நிலப்பதிவகமே பொறுப்பேற்கிறது. இங்கு அத்தகைய பொறுப்பேற்பு இல்லை. உரிமையை ஆராயும் கடமை முழுவதும் வாங்குபவரின் தோள்மீதே விழுகிறது. அக்கடமையில் அவருக்குத் துணை நிற்பவரே வழக்குரைஞர். விற்பவரோ தரகரோ அழைத்துவரும் வழக்குரைஞரை நம்பாமல், வாங்குபவர் தமக்கெனத் தனி வழக்குரைஞரை அமர்த்தி, அவரது சட்டக் கருத்துரையை எழுத்து வடிவில் பெறுதல் வேண்டும். ஆவண எழுத்தர் பத்திரம் எழுதித் தருவார். உரிமையை ஆராய்ந்து உரைப்பது அவர் பணியன்று.

ஆவணம்: மூலமும் தொடரும்

வழக்குரைஞர் முதற்கண் உரிமைத்தொடரை ஆராய்வார். இன்று விற்பவர் யாரிடமிருந்து பெற்றார், அவர் எவரிடமிருந்து பெற்றார் எனப் பின்னோக்கிச் செல்லும் சங்கிலி அது. ஒரு கண்ணி அறுந்தாலும் உரிமை ஐயத்திற்குரியதாகும். வில்லங்கச் சான்றினைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பெறுதல் மரபு. அடமானச் சொத்தை மீட்க வழக்குத் தொடுக்கும் கால வரம்பு 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி 30 ஆண்டுகளாக இருத்தல் இதற்கு ஒரு காரணமாகும்.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உயில், நிலுவையிலுள்ள வழக்கு, வாய்மொழி ஹிபா முதலியன அதில் தோன்றாமற் போகலாம். கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, உடைமை ஒப்படைப்பு ஆகிய மூன்றும் நிறைவேறினால் இசுலாமியச் சட்டப்படி ஹிபா செல்லும். எழுத்தில் இருந்தாலும் அதற்குப் பதிவு கட்டாயமன்று என்று உச்சநீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்துள்ளது. எனவே, முசுலிம் குடும்பச் சொத்தாயின் இதனைத் தனியே வினவி அறிதல் வேண்டும்.

விற்பவர் நகலை மட்டும் காட்டினால் மூலம் எங்கே எனக் கேட்டல் வேண்டும். அது வங்கியிலோ தனியாரிடமோ கடனுக்கு ஈடாக இருத்தல் கூடும். படியோலை கண்டு அமையாது மூலவோலையைப் பார்த்த திருவெண்ணெய்நல்லூர் அவையின் நெறி இன்றும் பொருந்துவதே.

பழைய பத்திரங்களில் காடஸ்தர் எண்ணும், பிந்தையவற்றில் மறுநில அளவை எண்ணும் காணப்படும். இரண்டும் ஒரே நிலத்தைக் குறிக்கின்றனவா என்று புலப்படத்தோடு ஒப்பிடல் வேண்டும். அளவுச் சொற்களிலும் கவனம் தேவை. தஞ்சை வழக்கில் ஒரு குழி என்பது 144 சதுர அடி. புதுச்சேரி வழக்கில் அது 576 சதுர அடி. குழிக்கணக்கோடு நில்லாது சதுர மீட்டரிலும் அளவைக் குறித்தலே பிணக்கைத் தவிர்க்கும்.

வாரிசும் பங்கும்

நம் பகுதியில் சொத்து வழக்குகளுக்கு வழிவகுப்பது பெரும்பாலும் வாரிசுரிமையே. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். வீட்டுக்குரியவர் உயில் எழுதாது இறக்கிறார். மனைவியும், இரு மகன்களும், ஒரு மகளும் உளர். மூத்த மகன் வீட்டை விற்க முன்வருகிறார். அக்குடும்பம் இந்துக் குடும்பமாகவும், வீடு தாமே தேடிய சொத்தாகவும் இருந்தால் நால்வருக்கும் நான்கில் ஒரு பங்கு வீதம் உரித்தாகும். முசுலிம் குடும்பமாயின் கடன் முதலியவை போக வீட்டை 40 பங்காக்கினால், மனைவிக்கு 5, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகளுக்கு 7 பங்குகள் சேரும். 1881ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணைப்படி தனிச்சட்டம் துறந்த ரெனோன்சான் வழியினர்க்குப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டமே பொருந்தும். ஆதலால், விற்பவர் எச்சட்டத்திற்கு உட்பட்டவர் என்பதை முதலிலேயே அறிதல் வேண்டும்.

எச்சட்டமாயினும் மூத்த மகன் ஒருவர் கையெழுத்தால் முழு வீடும் மாறாது. அவர் பங்கு மட்டுமே மாறும். அப்பங்கை வாங்கிய அயலார், அவ்வீட்டில் குடும்பத்தாரோடு சேர்ந்து உடைமை கொள்ளவும் இயலாது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறுகிறது. பாகப்பிரிவினை வழக்கே அவருக்கு எஞ்சும். ‘தங்கைக்குச் சீர் செய்தாயிற்று, அவள் கையெழுத்து எதற்கு?’ என்னும் சொல்லை நம்பி வாங்கியவர், பிற்காலத்தில் நீதிமன்றப் படியேறுவது இதனாலேயே. சீர் வேறு, பங்கு வேறு.

உரிய வயது எய்தாத பிள்ளையின் பங்கில் மேலும் கவனம் வேண்டும். இசுலாமியச் சட்டப்படி தாய் அப்பிள்ளையின் சொத்துக்குச் சட்டமுறைக் காப்பாளர் அல்லர் என்பதால், நீதிமன்ற இசைவின்றி அவர் செய்யும் விற்பனை செல்லாது. இந்துச் சட்டத்திலும் இயற்கைக் காப்பாளர் நீதிமன்ற முன்னிசைவு பெறுதல் வேண்டும். வெளிநாட்டிலுள்ள வாரிசின் சார்பில் வேறொருவர் கையெழுத்திட்டால், அவர் பெற்ற அதிகாரப் பத்திரம் முறைப்படி சான்றளிக்கப்பட்டதா, அதிகாரம் அளித்தவர் உயிரோடு உள்ளாரா என்பவற்றை ஆராய வேண்டும். அதிகாரப் பத்திரமும் ஒப்பந்தமும் மட்டும் பெற்று வீட்டை வாங்கியதாகக் கொள்ளும் வழக்கம் உரிமை தராது என்று உச்சநீதிமன்றம் 2011இல் அறுதியிட்டுக் கூறியது.

ஆட்சி: இடமும் குடியிருப்போரும்

ஏட்டில் உள்ள நிலமும் எதிரே உள்ள நிலமும் ஒன்றுதானா என்பதை வாங்குபவர் நேரிற் சென்று காணல் வேண்டும். வீட்டில் வேறொருவர் குடியிருந்தால், அவருக்கு என்ன உரிமை உண்டோ அதனை வாங்குபவர் அறிந்தவராகவே சட்டம் கருதும். ‘எனக்குத் தெரியாது’ என்னும் விடை அங்குச் செல்லாது.

பட்டினச்சேரி போன்ற கடலோர ஊர்களில் மேலும் இரண்டு செய்திகளை நோக்க வேண்டும். ஒன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு. 1991இல் முதன்முதல் பிறப்பிக்கப்பட்டு, 2011இலும் 2019இலும் புதிதாக வெளியான அறிவிக்கைகள், உயர் அலைக் கோட்டிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் கட்டடம் எழுப்புவதற்குத் தடையும் வரம்பும் விதிக்கின்றன. உரிமை குற்றமற்றதாயினும் கட்டுவதற்கு இசைவு கிடைக்காத மனை பயன்படாது. மற்றொன்று, 2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால் கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின் வழங்கப்பட்ட வீடுகள். அத்தகைய வீடு விற்பனைக்கு வந்தால், ஒப்படைப்பு ஆணையில் விற்பனையைத் தடுக்கும் நிபந்தனை உண்டா என்று வரிவரியாக வாசித்தல் வேண்டும். கோயில் நிலமா, வக்ஃபு நிலமா, புறம்போக்கா என்பதும் உரிய அலுவலகங்களில் உசாவி அறியத்தக்கது.

அயலார் காட்சி

பக்கத்து வீட்டார் அறிந்தது பல சமயம் பத்திரத்தில் இராது. பொதுச்சுவர், நடைபாதை, மழைநீர் வழி, வெளியூரில் வாழும் வாரிசு முதலியவற்றை அவர்களே கூறுவர். மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரை அணுகினால், படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் ஊரார் பொதுவாகப் புழங்கும் இடம் எது என்பது விளங்கும். ஆயினும், பஞ்சாயத்தார் தரும் கடிதம் துணைச்சான்றேயன்றிக் கிரயப் பத்திரத்திற்கு ஈடாகாது. வாங்கும் எண்ணத்தை நாளிதழில் அறிவித்து, மறுப்பு இருப்பின் தெரிவிக்குமாறு வழக்குரைஞர் வாயிலாகக் கேட்பதும் இவ்வகைச் சான்றின் பாற்படும்.

ஒப்பந்தம் முதல் பட்டா வரை

மூவகைத் தேர்விலும் தேறிய பின்னரே கிரய ஒப்பந்தம் எழுதி முன்பணம் தருதல் முறை. விலை, முன்பணம், காலக்கெடு, கடன் தீர்க்கும் பொறுப்பு, உடைமை ஒப்படைக்கும் நாள், ஒப்பந்தம் தவறினால் முன்பணம் திரும்பும் வழி ஆகியன அதில் இடம்பெற வேண்டும். ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எவ்வுரிமையும் தராது. பணத்தை வங்கி வழியாகச் செலுத்துதலே பிற்காலத்தில் சான்றாகும்.

100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புடைய அசையாச் சொத்தின் விற்பனை பதிவுபெற்ற ஆவணத்தாலேயே நிறைவேறும். எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் பத்திரத்தைப் பதிவுக்கு அளித்தல் வேண்டும். பதிவன்று காலையிலும் வில்லங்கத்தை ஒருமுறை சரிபார்ப்பது நல்ல வழக்குரைஞரின் வழக்கம். பதிவானபின் மூலப் பத்திரங்கள் அனைத்தையும் கையில் பெற்று, பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றம் செய்துகொள்ள வேண்டும். பட்டா வருவாய்த்துறைப் பதிவே; அதுமட்டும் உரிமையை ஆக்காது.

முடிவுரை

நொத்தேர் இருந்த நாளில் பொது அலுவலர் ஒருவர் சுமந்த பொறுப்பில் பெரும்பகுதியை இன்று வாங்குபவரே சுமக்கிறார். அப்பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வழக்குரைஞர்க்கு அளிக்கும் ஊதியம் வீட்டின் விலையை நோக்கச் சிறிது. அதனை மிச்சப்படுத்தப் போய் முதலையே இழத்தல் அறிவுடைமையன்று.

இவ்வாராய்ச்சி வாங்குபவரின் பொருளை மட்டும் காப்பதன்று. கையெழுத்துக் கேட்கப்படாத சகோதரியின் பங்கும், தந்தையை இழந்த சிறுவனின் பங்கும், கடல் கடந்து உழைக்கும் உடன்பிறந்தான் பங்கும் அதனால் காக்கப்படுகின்றன. பிறர் பங்கு நம் கையில் வந்து சேராதவாறு ஆராய்ந்து வாங்கிய வீடே அமைதி தரும் இல்லமாகும். மூன்று சான்றும் ஒத்துவரும்வரை முன்பணம் கொடாதிருப்பதே வீடு வாங்குவோர் கைக்கொள்ள வேண்டிய முதல் நெறியாகும்.