ஊதா நிறம் வந்தால் போதுமா?

கேள்வி: ஹைதராபாத் மாதாப்பூரில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். ரூம்மேட் சில வார இறுதிகளில் எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளைப் போடுகிறான். ஆன்லைனில் வாங்கிய ஏதோ திரவத்தை அதன்மேல் ஒரு சொட்டு விட்டு, "ஊதா வந்துடுச்சு, ஒரிஜினல்தான்" என்கிறான். நம்பலாமா? லேபில் கொடுத்துப் பார்க்க வழி உண்டா?
- பெயர் வேண்டாம், மாதாப்பூர்

பதில்: அது மார்க்விஸ் திரவமாக இருக்கும். கந்தக அமிலத்தில் ஃபார்மால்டிஹைடு கலந்தது; கையில் பட்டால் தோல் வெந்துவிடும். எம்.டி.எம்.ஏ. இருந்தால் கரு ஊதாவாக மாறுவது உண்மைதான். எவ்வளவு இருக்கிறது, கூட வேறென்ன கலந்திருக்கிறது என்பது அந்த நிறத்தில் தெரியாது. பி.எம்.எம்.ஏ. என்று ஒரு சரக்கு உண்டு. மார்க்விஸில் அது நிறமே காட்டாது எனலாம், எம்.டி.எம்.ஏ.வோடு கலந்தால் ஊதாவுக்குள் ஒளிந்துகொள்ளும். மெதுவாகத்தான் ஏறும். "ஒண்ணும் ஆகலையே" என்று இன்னொன்றைப் போடுவார்கள். அதற்குள் உடம்பு கொதிக்க ஆரம்பித்திருக்கும்.

நெதர்லாந்தில் 1992 முதல் யார் வேண்டுமானாலும் மாத்திரையைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். 2014 டிசம்பரில் 'சூப்பர்மேன்' முத்திரை போட்ட இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்றில் பி.எம்.எம்.ஏ. இருப்பதைக் கண்டுபிடித்து நாடு முழுக்க எச்சரித்தார்கள். அதே மாத்திரை பிரிட்டனில் அந்தப் புத்தாண்டையொட்டி நான்கு உயிரை வாங்கியது.

நம்மூரில் அப்படி ஒரு லேப் இல்லை. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, சோதிக்க என்று கையில் வைத்திருந்தாலும் குற்றம்தான். கூரியரில் வெளிநாட்டுக்கு அனுப்பினால் கடத்தல். உங்கள் ஏரியா பப்களுக்குப் போலீஸ் எடுத்துவரும் கிட் சிறுநீரைச் சோதிப்பது, ஆளைப் பிடிக்க. போதை ஊசி போடுகிறவர்களுக்கு எச்.ஐ.வி. வராமலிருக்கப் புது ஊசி கொடுக்கிற அரசு, மாத்திரை விஷயத்தில் ஏன் தயங்குகிறதோ!

நண்பர் மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். சில மாத்திரைகளோடு எம்.டி.எம்.ஏ. சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. விட நினைத்தால் எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 14446-க்கு இலவசமாகப் பேசலாம். அடிமையானவர் தானாக வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால், உபயோகித்ததற்கான வழக்கிலிருந்து அதே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

ஒருநாள் ராத்திரி அவர் உடம்பு அனலாய்க் கொதித்து, தாடை இறுகி, பிதற்றினால் உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை ஃபேனைப் போட்டு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மடக்மடக்கென்று தண்ணீரைக் குடிக்க வைக்காதீர்கள், சோடியம் இறங்கி மூளை வீங்கும். கேஷுவாலிட்டி டாக்டரிடம் மட்டும் "பிரியாணி ஒத்துக்கலை" என்று மழுப்ப வேண்டாம். என்ன போட்டார், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.