அறிதுயிலும் நித்திரையும்

பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்க்கு இரவில் நித்திரை வாராதிருத்தல் பெருந்துன்பமாகும். அதனினும் கொடியது, படுக்கையிற் சாய்ந்ததும் கால்களினுள்ளே ஏதோ ஊர்வதுபோன்ற உணர்ச்சி தோன்றி, அவற்றை அசைக்குமாறு ஓயாது தூண்டுதல். எழுந்து நடந்தாற் குறையும், படுத்தால் மீளும். ஆங்கில வைத்தியரான தோமஸ் வில்லிஸ் 1672ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்துள்ளார். சுவீடன் தேசத்து வைத்தியர் எக்பொம் 1945இல் இதற்கு ‘அமைதியற்ற கால்கள்’ எனப் பெயரிட்டார். இத்துன்பங்களுக்கு அறிதுயில் எவ்வளவு உதவும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அறிதுயிலாவது யாது? மஞ்செஸ்டர் நகரச் சத்திரவைத்தியர் ஜேம்ஸ் பிரெயிட், நித்திரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அமைத்த ‘ஹிப்னோட்டிசம்’ என்னும் பெயரை 1843இல் வெளியிட்ட நூலின்வழிப் பரப்பினார். பின்னர், ஒரே எண்ணத்தில் மனம் ஒடுங்கும் நிலையே இது எனத் தெளிந்து, அப்பெயரை மாற்றவும் விரும்பினார். இந்நிலை நித்திரையின் வேறானது என்றே மூளையின் மின்னலைகளும் காட்டுகின்றன. திருமாலின் யோகநித்திரைக்கு வழங்கும் ‘அறிதுயில்’ என்னும் நம் சொல்லோ, துயில்வார்போல் இருப்பினும் அறிவு விழித்திருத்தலை நன்குணர்த்துகின்றது.

சிகிச்சை செய்பவர் நோயாளியின் பார்வையை ஒரு புள்ளியிலும் கவனத்தை மூச்சிலும் நிறுத்துவிப்பார். கால்களில் இளவெப்பம் பரவித் தசைகள் தளர்வதாகப் பாவிக்கச் செய்வார். பழகியபின் நோயாளி தாமே இதனை இரவிற் செய்யலாம். ‘இன்றும் உறக்கம் வாராதோ’ என்னும் அச்சமே உறக்கத்தை விரட்டுவதாதலின், அது தணிய நித்திரை எளிதாகின்றது. 2014இல் வெளிவந்த சுவிற்சர்லாந்து ஆய்வொன்றில், ஆழ்ந்து உறங்குமாறு செய்த கருத்தேற்றம், அதனை எளிதில் ஏற்கும் இயல்புடைய பெண்களிடத்து ஆழ்நித்திரையைப் பெருக்கிற்று. ஏலாதாரிடத்து அப்பயன் விளையவில்லை. ஆகவே, எல்லார்க்கும் ஒரே அளவிற் பயன்படும் முறை இதுவன்று.

இங்கு ஒன்றை வற்புறுத்துவோம். அமைதியற்ற கால்கள் மனப்பலவீனத்தால் வருவன அல்ல. இரும்புச்சத்துக் குறைவு, கர்ப்பகாலம், சிறுநீரக நோய், ஒவ்வாமைக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகள் ஆகியன அதனைத் தோற்றுவிக்கலாம், அன்றேல் மிகுவிக்கலாம். இந்நோயில் அறிதுயிலின் பயனைக் காட்டும் சான்றுகளும் மிகச் சிலவே. கருத்தேற்றம் வேதனையைத் தணிக்கலாம். குருதிக்கு இரும்பை ஊட்டமாட்டாது. மனத்தை அடக்கத் தெரியாதவர் என வீட்டாராற் பழிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்காக உறக்கம் இழப்போர்க்கு ஒரு குருதிப் பரிசோதனையே வழிகாட்டுதல் கூடும். முதலில் வைத்தியரை நாடிக் காரணத்தை அறிக. அதன்பின் அறிதுயிலைத் துணையாகக் கொள்க. இம்முறையிற் பயன்படுத்தின், பலர்க்கு அஃது ஆறுதல் அளிக்கும் என்பது எம் துணிபு.