தாய்ப்பலகை மாறினால் உரிமம் என்னாகும்?

துலா மாதத்துத் திருவனந்தபுரத்தில் மாலை வானம் பெரும்பாலும் இடியோடுதான் இருள்கிறது. அக்டோபர் தொடங்கி மே வரையிலான மாதங்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னல் மிகுதி என்றும், இடி கேட்டதும் மின்கருவிகளின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்றும் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தி வருகிறது. அதை மறந்த கடைகளிலும் வீடுகளிலும் மறுநாள் காலையில் கணினி இயங்க மறுக்கும். மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை எரிந்துவிட்டது என்பார் பழுதுநீக்குபவர். புதிய பலகையைப் பொருத்தி இயக்கினால், திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் விண்டோஸுக்கு உரிமம் உறுதி செய்யப்படவில்லை என்னும் வாசகம் தோன்றுகிறது. விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் மறுபடியும் ஏன் அனுமதி கேட்கிறது என்ற ஐயம் உடனே எழுகிறது.

வங்கி இதழில் இதற்கு என்ன இடம் என்று வாசகர்கள் வினவலாம். கடைக் கணக்கும் வரிப் பதிவுகளும் இணைய வங்கிச் சேவையும் அதே கணினியில்தான் நடைபெறுகின்றன. உரிமத்தை மீட்கும் அவசரத்தில் எடுத்துவைக்கும் ஒரு தவறான அடி, உரிமத்தின் விலையைவிடப் பன்மடங்கு பணத்தைக் கொண்டுபோய்விடக்கூடும். ஆகவே இப்பாடத்தை முறையாகவே படித்துக்கொள்வோம்.

உரிமம் எதனோடு பிணைக்கப்படுகிறது?

நாம் விலை கொடுத்து வாங்குவது மென்பொருளை அன்று. அதைப் பயன்படுத்தும் அனுமதியையே. 2001ஆம் ஆண்டு விண்டோஸ் எக்ஸ்பி வெளிவரும்வரை, பெட்டியில் அச்சிட்ட குறியெண்ணைத் தட்டச்சு செய்தாலே போதுமானதாக இருந்தது. ஒரே குறுந்தகட்டைப் பல கணினிகளில் நிறுவுவது எளிதாயிற்று. அதைத் தடுப்பதற்காகவே ஆக்டிவேஷன் எனப்படும் உரிம உறுதிப்பாடு வந்தது.

அது இயங்கும் முறை இதுதான். கணினியின் முதன்மை உறுப்புகளைப் பார்த்து, அவற்றிலிருந்து ஓர் அடையாள எண்ணை மென்பொருள் கணித்துக்கொள்கிறது. அந்த எண் உரிமத்தோடு சேர்த்து நிறுவனத்தின் சர்வரில் பதிவாகிறது. பின்னாளில் உறுப்புகள் பெருமளவில் மாறினால் அடையாள எண்ணும் மாறுகிறது. இது வேறு கணினி என்று மென்பொருள் கருதிவிடுகிறது. இன்றைய விண்டோஸில் நினைவகத்தைக் கூட்டுவதாலோ ஹார்டு டிஸ்க்கை மாற்றுவதாலோ பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. தாய்ப்பலகையை மாற்றும்போதே சிக்கல் எழுகிறது.

வங்கியில் நாம் அளித்துள்ள மாதிரிக் கையொப்பத்தோடு இதை ஒப்பிடலாம். வயது முதிர்ந்து கையெழுத்து மிகவும் மாறிப்போனால், காசோலையை வங்கி ஏற்கத் தயங்கும். அதனால் கணக்கில் உள்ள பணம் மறைந்துவிடுவதில்லை. அடையாளத்தை மெய்ப்பித்துப் புதிய மாதிரிக் கையொப்பத்தைப் பதிவு செய்தால் போதும். உரிமத்தின் மறு உறுதிப்பாடும் அவ்வாறே. உறுதி செய்யப்படாத விண்டோஸில் நமது கோப்புகள் அழிவதில்லை. கணினியும் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். திரைத்தோற்றத்தை மாற்றும் வசதி போன்ற சில மட்டுமே முடக்கப்படும். எனவே பதற்றப்படவோ, அன்றே எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படவோ தேவையில்லை.

மூவகை உரிமங்கள்

நம்மிடம் இருப்பது எவ்வகை உரிமம் என்று அறிவதே முதற்படி.

முதலாவது, கணினியோடு வந்த உரிமம். கடையில் வாங்கும்போதே விண்டோஸ் நிறுவப்பட்டிருந்த மடிக்கணினிகளும் மேசைக்கணினிகளும் பெரும்பாலும் இவ்வகையின. இவ்வுரிமம் அந்தக் கணினியோடு பிறந்து அதனோடு முடிவது. வேறு கணினிக்கு மாற்ற இயலாது. பல மடிக்கணினிகளில் உரிமக் குறியெண் தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். பழுதடைந்த பலகைக்கு ஈடாகத் தயாரிப்பாளரே அதே வகைப் பலகையை மாற்றித் தரும்போது உரிமம் தொடரும். வெளியில் வேறு பலகையைப் பொருத்தினால் உரிமம் பழைய பலகையோடு போய்விட வாய்ப்புண்டு. அங்கீகரிக்கப்பட்ட பழுதுநீக்கு நிலையத்தில் கட்டணம் சற்று மிகுதியாக இருப்பினும், புதிய உரிமத்தின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுப்பது நலம்.

இரண்டாவது, தனியாக விலை கொடுத்து வாங்கிய உரிமம். பெட்டியிலோ மின்னஞ்சலிலோ 25 எழுத்துகள் கொண்ட குறியெண் வந்திருக்கும். இதைப் புதிய கணினிக்குக் கொண்டுசெல்லலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே கணினியில்தான் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, நிறுவனங்களுக்கான மொத்த உரிமம். இவ்வகையில் பல கணினிகள் குறைந்தது 180 நாட்களுக்கு ஒருமுறையேனும் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்திலிருந்து விலகியவர் கையில் இருக்கும் கணினியில் ஆறு மாதங்களுக்குப் பின் எச்சரிக்கை தோன்றுவது இதனால்தான். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் குறியெண்களில் இத்தகையவையும் கலந்திருக்கக்கூடும். இன்று ஏற்கப்பட்டாலும் நாளை செல்லாமற் போகலாம்.

மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கணினி இன்னும் இயங்கும் நிலையில் இருந்தால் நான்கு செயல்களை முடித்துவிடுவோம்.

1. கோப்புகள் அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் படியெடுத்துக்கொள்வோம்.

2. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உரிமத்தை நமது மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவைப்போம். 2016இல் வந்த பதிப்பிலிருந்து இவ்வசதி உள்ளது. அமைப்புகள் பகுதியில் ஆக்டிவேஷன் என்னும் பக்கத்தைத் திறந்தால், உரிமம் கணக்கோடு இணைந்துள்ளதா என்பது தெரியும்.

3. பிட்லாக்கர் எனும் மறைக்குறியீட்டுப் பூட்டு இயங்குகிறதா என்று பார்ப்போம். நால்வகைச் செயல்களில் இதுவே தலையாயது. புதிய கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலேயே இப்பூட்டு இடப்பட்டிருக்கும். பூட்டின் சாவி தாய்ப்பலகையின் பாதுகாப்புச் சில்லில் உள்ளது. பலகை மாறியதும் கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையேல் தரவைத் திறக்க எவராலும் இயலாது. உரிமம் போனால் விலை கொடுத்து மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். பத்தாண்டுக் கணக்குப் பதிவுகளை எங்கும் வாங்க முடியாது. எனவே மீட்பு எண்ணைத் தாளில் எழுதிப் பத்திரமாக வைப்பதும், பலகையை மாற்றும் முன் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் இன்றியமையாதவை.

4. கணினியின் பட்டியல், உரிமக் குறியெண், அவற்றோடு இணைந்த மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்துவைப்போம்.

மாற்றிய பின்

கணினியை இணையத்தோடு இணைத்து, முன்பு உரிமம் பதிவான அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள பழுதாய்வு வசதியை இயக்கினால், அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்று பொருள்படும் ஆங்கில வரி ஒன்று தோன்றும். அதைத் தேர்ந்து, பட்டியலில் நமது கணினியின் பெயரைச் சுட்டினால் மறு உறுதிப்பாடு நிகழும். ஹோம் பதிப்புக்கு உரிமம் வைத்துக்கொண்டு புரோ பதிப்பை நிறுவியிருந்தால் இது பலிக்காது. இரண்டும் ஒன்றாக இருத்தல் வேண்டும். எத்தனை முறை இவ்வாறு செய்யலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இவை அனைத்துக்கும் கட்டணம் ஏதுமில்லை என்பதை நினைவிற் கொள்வோம்.

விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பழைய கணினிக்குப் புதிய பலகை போடுவதா, புதிய கணினியே வாங்குவதா என்று எண்ணுபவர்கள் இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கடைக் கணினியின் தனி நிலை

சாலைக் கடைத்தெருவில் மொத்த வணிகம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு விண்டோஸைவிட டேலிதான் முதன்மை. டேலியின் உரிமமும் கணினியோடு பிணைக்கப்படுவதே. புதிய கணினிக்குச் செல்லும்முன் பழைய கணினியில் உரிமத்தை ஒப்படைக்கும் வசதி அதில் உள்ளது. ஒப்படைத்த பின் புதிய கணினியில் அதே வரிசை எண்ணைக் கொண்டு உறுதி செய்துகொள்ளலாம். இதற்கு, உரிமத்தில் பதிவான மின்னஞ்சல் முகவரி உரிமையாளரின் கையில் இருக்க வேண்டும். அது முன்பு பணியாற்றிய கணக்கரின் சொந்த முகவரியாக இருந்துவிட்டால் சிக்கல்தான். இன்றே சரிபார்த்து, கடையின் பெயரிலுள்ள முகவரிக்கு மாற்றிக்கொள்வது நன்று.

அடோபி போன்ற சந்தா மென்பொருள்கள் பெரும்பாலும் கணினியைவிடக் கணக்கையே சார்ந்தவை. தனிநபர் சந்தாவில் இரண்டு கணினிகள் வரை அனுமதி உண்டு. எரிந்துபோன கணினியை அக்கணக்கின் வலைப்பக்கத்திலிருந்தே நீக்கிவிடலாம். யுஎஸ்பி டோக்கனில் உள்ள மின்னணுக் கையொப்பச் சான்றிதழோ எக்கணினியோடும் பிணைக்கப்பட்டதன்று. புதிய கணினியில் அதற்குரிய மென்பொருளை நிறுவினாலே செயல்படும். மின்னணுக் கையொப்பமும் போய்விட்டது என்று சொல்லிப் புதிய சான்றிதழுக்குப் பணம் கேட்பவரை நம்ப வேண்டியதில்லை.

வழியில் காத்திருக்கும் இடர்கள்

உரிம எச்சரிக்கையைக் கண்டதும் உதவி எண்ணை இணையத்தில் தேடுவது பலரின் வழக்கம். மோசடிக்காரர்கள் அங்கேயே காத்திருக்கிறார்கள். உரிமம் காலாவதியாகிவிட்டது, இவ்வெண்ணை அழையுங்கள் என்று திரையில் தோன்றும் அறிவிப்புகள் போலியானவை. தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தெளிவுபடுத்தியுள்ளது. அழைப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் செயலியை நிறுவுமாறு. அத்தகைய செயலி ஒன்றின் வழியே வாடிக்கையாளர்களின் பணம் களவாடப்படுவதை இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

உரிமத்தை மறு உறுதி செய்ய வங்கிக் கணக்கு எண்ணோ, ஓடிபியோ, யுபிஐ ரகசிய எண்ணோ தேவையில்லை. எவரேனும் கேட்டால் அவர் உரிமத்தை மீட்க வந்தவர் அல்லர்.

கிராக் எனப்படும் பூட்டுடைப்பு மென்பொருள் மற்றோர் இடர். அதை நிறுவும்முன் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். அணைத்தபின் என்னென்ன உள்ளே நுழைந்தன என்பதை நாம் அறிய வழியில்லை. நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொற்களைக் களவாடும் நிரல்கள் இவ்வழியே பரவுகின்றன. உரிமமற்ற படி என்று அறிந்தே அதைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 63பி பிரிவின்படி குற்றமும் ஆகும். ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் சொல்லப்பட்டுள்ளன.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரே ஏற்க வேண்டும் என்கிறது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சார்ந்தது. எனவே ஐயம் எழுந்த நொடியிலேயே வங்கிக்கும் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவித்துவிட வேண்டும். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் அல்லாமல் வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.

திருவனந்தபுரம் தேர்ந்த மற்றொரு வழி

கணினியோடு உரிமத்தைப் பிணைக்கும் முறை விண்டோஸ் எக்ஸ்பியின் வாயிலாக வீடுகளுக்குள் நுழைந்த அதே 2001ஆம் ஆண்டில், ஜூலை 20 அன்று, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அவ்வியக்கத்தின் முன்னோடியான ரிச்சர்டு ஸ்டால்மன் அவ்விழாவில் கலந்துகொண்டார். கட்டற்ற மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், மாற்றியமைக்கலாம். ஆகவே தாய்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் அது எவரிடமும் அனுமதி கேட்பதில்லை.

அச்சிந்தனையைக் கேரள அரசு பள்ளிகளுக்குள் கொண்டுசென்றது. திருவனந்தபுரம் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கெனத் தனி இயங்குதளத்தை வெளியிட்டு வருகிறது. 2019இல் புதிய பதிப்பை வெளியிட்டபோது, 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அதை நிறுவுவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அந்நிறுவனம் அறிவித்தது.

இவ்வழி அனைவருக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. டேலி போன்றவை விண்டோஸையே நாடுகின்றன. ஆனால் கடிதம் எழுதவும், வலைத்தளம் பார்க்கவும், பிள்ளைகள் படிக்கவும் பயன்படும் வீட்டுக் கணினிக்கு இது முழுமையாகப் போதுமானது. பூட்டுடைப்பு மென்பொருளைத் தேடிச் செல்பவர் முன், செலவில்லாததும் சட்டத்துக்கு உட்பட்டதுமான இந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

இப்பாடத்தின் சாரம் சிறியது. எவ்வகை உரிமம் என்று அறிதல், மீட்பு எண்ணை எழுதிவைத்தல், பதிவான மின்னஞ்சலைத் தம் வசம் வைத்திருத்தல், கேட்காமல் உதவ வருபவரை விலக்குதல். கணினி நன்றாக இயங்கும் ஒரு நாளில் இவற்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். சேமிப்புக் கணக்கின் வாரிசு நியமனத்தைப் போல, இதுவும் தேவை வருமுன் செய்துவைக்க வேண்டிய பணியே.